மிளகுக்காகக் கை நீட்டியபோது

உடம்பு சரியில்லாத நாய்க்கோ பூனைக்கோ பணம் திரட்ட வேண்டும் என்று யாராவது என்னிடம் வந்தால், முதலில் கேட்பது நிதி திரட்டும் இணையதளங்களில் எதில் பக்கம் தொடங்கலாம் என்பதைத்தான். டாக்டரிடம் செலவு மதிப்பீட்டை எழுத்தில் வாங்கியாச்சா என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் பதில் இருக்காது. ஆயிரங்களில் ஆகும், லட்சத்தைத் தொடும் என்று வாய்வழியாகக் கேட்ட ஒரு பயம்தான் கையில் இருக்கும். அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு யாரிடமும் பணம் கேட்க முடியாது. கேட்டாலும் கொடுப்பவருக்கு எதற்குக் கொடுக்கிறோம் என்று புரியாது.

என் பூனை மிளகுக்கு வந்தது எஃப்.ஐ.பி. எனப்படும் பூனைகளின் வயிற்றுச்சவ்வு அழற்சி. காய்ச்சல் ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்கவில்லை. முதுகெலும்பு துருத்திக்கொண்டு தெரிய, வயிறு மட்டும் உப்பிக்கொண்டே போனது. ஊசி போட்டு எடுத்த நீர் வைக்கோல் மஞ்சளில், பிசுபிசுவென்று இருந்தது. ரத்தப் புரதங்களில் ஆல்புமின் குறைந்து குளோபுலின் ஏறியிருந்தது. இரண்டுக்கும் உள்ள விகிதம் 0.4-க்குக் கீழே போனால் சந்தேகம் வலுக்கும் என்று டாக்டர் காகிதத்தில் எழுதிக் காட்டினார். இந்த நோயின் மூலம் பூனைகளின் குடலில் பரவலாக இருக்கும் ஒரு கொரோனா வைரஸ். பெரும்பாலான பூனைகளுக்கு அது லேசான வயிற்றுப்போக்கோடு போய்விடும். சிலவற்றில் மட்டும் உடலுக்குள்ளேயே உருமாறி உயிரைக் குடிக்கிறது. இளம் பூனைகள்தான் அதிகம் மாட்டுகின்றன. நீர் கோத்த வகை என்றால், மருந்தில்லாமல் சில நாள் அல்லது சில வாரம்தான்.

சில வருடங்களுக்கு முன்பு இந்த நோய் என்றாலே முடிந்தது என்று அர்த்தம். பூனை மருத்துவத்தில் பெரிய பெயரான நீல்ஸ் பெடர்சன், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் தன் குழுவோடு ஜிஎஸ்-441524 என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். கோவிட் காலத்தில் நாம் கேள்விப்பட்ட ரெம்டெசிவிரின் நெருங்கிய உறவு இது. 2019-இல் வெளியான அந்த ஆய்வில், இயற்கையாக நோய் வந்த 31 பூனைகளில் 26 பூனைகள் 12 வாரச் சிகிச்சையை முடித்தன. 25 நீண்ட நாள் பிழைத்தன. சிலவற்றுக்கு நோய் திரும்பி மறுபடி மருந்து தேவைப்பட்டது. ஆக, நம்பிக்கை உண்டு, உத்தரவாதம் இல்லை. இந்த வாக்கியத்தைத்தான் பின்னால் என் பக்கத்தில் முதல் பத்தியாகப் போட்டேன்.

பணத்தைப் பொறுத்தவரை இந்த மருந்தில் ஒரு வேடிக்கை உண்டு. அளவு பூனையின் எடையைப் பொறுத்தது. பூனை தேறத் தேற எடை ஏறும், எடை ஏற ஏற மருந்து கூடும், மருந்து கூடக் கூடச் செலவும் கூடும். நோய் கண்ணிலோ மூளையிலோ இருந்தால் அளவு இன்னும் அதிகம். முதல் நாள் எடையை 84 நாளால் பெருக்கிக் கணக்குப் போட்டால் பாதி வழியில் பணம் தீர்ந்து நிற்போம். அதனால் டாக்டரிடம் கட்டம் கட்டமாகப் பிரித்து எழுதித் தரச் சொன்னேன்: நோயை உறுதி செய்து உயிரை நிலைப்படுத்துவது ஒன்று, மருந்துக் காலம் ஒன்று, இடையிடையே ரத்தப் பரிசோதனை ஒன்று, மருந்தை நிறுத்திய பிறகு 12 வாரக் கண்காணிப்பு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு தொகை. நீர் கோத்த வகைக்கு 42 நாளே போதுமானதாக இருந்தது என்று 2024-இல் ஒரு ஆய்வு வந்திருப்பதையும் அவர்தான் சொன்னார். ஆனால் மிளகின் நிலையைப் பார்த்துவிட்டு முழு 84 நாளுக்கே திட்டம் போடுவோம் என்றார்.

மதிப்பீடு வாங்கும்போது கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியும் உண்டு. “டாக்டர், இந்தப் பரிசோதனையில் என்ன முடிவு வந்தாலும் நீங்கள் செய்யப்போகும் சிகிச்சை மாறுமா?” மாறாது என்றால் அதைத் தள்ளிப்போடலாம். இப்படிக் கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று பலர் தயங்குகிறார்கள். நல்ல மருத்துவர்கள் கோபித்துக்கொள்வதில்லை. எங்கள் டாக்டர் சற்று யோசித்து, பட்டியலில் இருந்த ஒரு ஸ்கேனை அடித்துவிட்டார். கையில் இருப்பது இவ்வளவுதான் என்று முதலிலேயே சொல்லிவிட்டால், அதற்குள் செய்யக்கூடிய நல்ல வைத்தியம் எது என்று அவர்களே யோசிப்பார்கள். கால்நடை மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த மருத்துவமனை எட்டும் தூரத்தில் இருந்தால் அங்கே இரண்டாவது கருத்து கேட்பது நல்லது. அனுபவமுள்ளவர்கள் பலர் ஒன்றாகப் பார்ப்பார்கள்.

அப்புறம், ஊராரிடம் போவதற்கு முன் வீட்டுக் கணக்கு. எவ்வளவு நான் போட முடியும், எதை விற்கலாம், எதைத் தள்ளிப்போடலாம் என்று எழுதினேன். மருத்துவமனையில் தவணைக்குச் சம்மதிப்பார்களா என்று கேட்டேன். உள்நோயாளியாகச் சேர்க்க முன்பணம் கேட்டார்கள், மீதியைத் தவணையில் கட்ட ஒப்புக்கொண்டார்கள். கேட்காமல் இருந்திருந்தால் அவர்களாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். காப்பீடு இந்த நேரத்தில் உதவாது. நோய் வந்த பிறகு எடுத்தால் ஏற்கெனவே இருந்த நோய் என்று ஒதுக்கிவிடுவார்கள். புதிதாக எடுத்தாலும் காத்திருப்புக் காலம் உண்டு. அடுத்த பிராணிக்கு வேண்டுமானால் யோசிக்கலாம்.

பொதுவில் பக்கம் திறப்பதற்கு முன்பே நெருங்கியவர்களிடம் கேட்டுவிட வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. யாரும் போடாத உண்டியலில் முதல் காசு போட யாருக்கும் மனம் வராது. திறந்த அன்றே கொஞ்சம் சேர்ந்திருந்தால், இதற்கு முன்னால் நாலு பேர் நம்பியிருக்கிறார்கள் என்று பார்ப்பவருக்குத் தெரியும். நெருங்கியவர்களிடம் குழுவில் செய்தி போடாதீர்கள், தனித்தனியாகப் போன் பண்ணுங்கள். குழுவில் போட்டால் வேறு யாராவது கொடுப்பார்கள் என்று எல்லோரும் கைகூப்பும் படத்தைப் போட்டுவிட்டுப் போவார்கள். என் தங்கை சொன்னாள், “அக்கா, கேக்கறதுக்கு முன்னாடி கடனா உதவியான்னு நீயே முடிவு பண்ணிக்கோ.” சரியான பேச்சு. உறவில் இது தெளிவாக இல்லாவிட்டால், பூனை பிழைத்த பிறகும் அந்தப் பணம் கல்யாண வீட்டில் வந்து உட்காரும். கடனாகக் கேட்டவர்களிடம் திருப்பித் தரும் மாதத்தையும் சேர்த்தே சொன்னேன். உதவியாகக் கேட்டவர்களிடம், இது திரும்பி வராது, முடியாவிட்டால் இல்லை என்று சொல்லிவிடுங்கள், ஒன்றும் நினைக்க மாட்டேன் என்றேன். இல்லை என்று சொன்னவர்களில் ஒருவர்தான் பிறகு தினமும் மருத்துவமனைக்கு வண்டி ஓட்டினார்.

பக்கத்துக்கான முதல் வரைவைத் தங்கைதான் எழுதினாள். “தயவுசெய்து என் குழந்தையைக் காப்பாற்றுங்கள்” என்று தொடங்கி ஆச்சரியக்குறிகளாக இருந்தது. எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அதைப் படித்துவிட்டு எவ்வளவு வேண்டும், எதற்கு, எப்போதைக்குள் என்று யாரும் தெரிந்துகொள்ள முடியாது. நான் மாற்றி எழுதியதில் நோய் என்ன என்பது மூன்று வாக்கியம், டாக்டர் சொன்ன வாய்ப்பு ஒரு வாக்கியம், கட்டங்களும் தொகையும், நான் போட்டது இவ்வளவு, நெருங்கியவர்கள் கொடுத்தது இவ்வளவு, மீதி இவ்வளவு. மதிப்பீட்டின் படத்தைப் போட்டேன். முகவரியும் தொலைபேசி எண்ணும் மறைத்துவிட்டு. பெயர் சொல்ல மருத்துவமனையிடம் அனுமதி வாங்கிக்கொண்டேன். இந்த வைரஸ் மனிதருக்குத் தொற்றாது என்று ஒரு வரி சேர்த்தேன். கொரோனா என்ற சொல்லைப் பார்த்ததும் அதைத்தான் எல்லோரும் கேட்பார்கள்.

படம் விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. குழாய் செருகி, கண் சொருகி, ரத்தம் தெரியும் படங்களை முகப்பில் போடக் கூடாது. பலர் பார்த்த வேகத்தில் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தப் பிராணிக்கும் ஒரு மரியாதை இருக்கிறது. வயிற்றில் மழித்த சதுரத்தோடு, எதற்கோ கோபப்பட்டதுபோல் கேமராவை முறைக்கும் படம் ஒன்று இருந்தது. அதையே போட்டோம்.

இலக்குத் தொகையை எவ்வளவு வைப்பது என்பதில் இரண்டு கட்சி உண்டு. ஒருவர் ஒருமுறைதான் கொடுப்பார், அதனால் முழுத் தொகையையும் ஒரே தடவை கேள் என்பது ஒரு கட்சி. அடுத்த கட்டத்துக்கானதை மட்டும் கேள் என்பது மற்றது. நான் இரண்டாவது கட்சி. முதல் சில நாட்களிலேயே பூனை போய்விட்டால் மூன்று மாத மருந்துக்கான பணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்? முழுச் செலவு எவ்வளவு என்று பக்கத்தில் மறைக்காமல் எழுதினேன், ஆனால் இலக்காக வைத்தது முதல் கட்டத்தை மட்டும். அது எட்டியதும் அடுத்த கட்டத்துக்கு உயர்த்தினேன். முதலில் கொடுத்தவர்களில் கணிசமானவர்கள் மறுபடியும் கொடுத்தார்கள். இவள் சொன்னதைச் செய்கிறாள் என்று பார்த்துவிட்டார்களே.

தளத்தில் சேரும் பணம் உடனே கைக்கு வராது. அடையாளச் சரிபார்ப்பு, வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு, அப்புறம் சில வேலை நாட்கள். கட்டணமும் பிடிப்பார்கள், அதைச் சேர்த்துத்தான் இலக்கு வைக்க வேண்டும். இலக்கை எட்டாவிட்டால் எல்லாப் பணத்தையும் திருப்பிவிடும் வகைத் தளங்களும் உண்டு, அவை இதற்கு உதவாது. இன்று மாலைக்குள் கட்ட வேண்டிய முன்பணத்துக்குத் தளத்தை நம்பி உட்காரக் கூடாது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் கடன் கொடுத்த சொந்தக்காரர்கள். முடிந்தவரை பணம் நேரே மருத்துவமனைக் கணக்குக்கே போகும்படி செய்யுங்கள். எங்கள் மருத்துவமனைக் கணக்காளர் மிளகின் நோயாளி எண்ணைக் குறிப்பிட்டு அனுப்பச் சொன்னார். கொடுப்பவர்களுக்கு நிம்மதி, எனக்கும் நிம்மதி. ஒரே சங்கடம், யார் எவ்வளவு அனுப்பினார்கள் என்று எனக்குத் தெரியாது. அனுப்பியதும் ஒரு செய்தி போடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

மருந்து விஷயத்தில் இன்னொன்று. இந்த மருந்து பல வருடம் முறையான வழியில் கிடைக்காமல், பூனை வளர்ப்பவர்கள் கள்ளச் சந்தையில் லேபிள் இல்லாத குப்பிகளை வாங்கிக்கொண்டிருந்தார்கள். பிரிட்டனில் 2021 முதலும் அமெரிக்காவில் 2024 முதலும் மருத்துவரின் சீட்டில் தயாரித்துத் தர வழி வந்திருக்கிறது. உயிர் போகிற நேரத்தில் வேறு வழியில்லாமல் வாங்கியவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ரசீது இல்லாத மருந்துக்கு அடுத்தவர் பணத்தில் கணக்குக் காட்ட முடியாது. உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பதற்கும் யாரும் பொறுப்பில்லை. அதனால் டாக்டர் எழுதிக் கொடுத்து, ரசீதோடு வாங்கியதை மட்டுமே திரட்டிய பணத்தில் வாங்கினேன்.

பக்கம் கொஞ்சம் பரவியதும் வேறு ஆட்கள் வருவார்கள். உங்கள் பக்கத்தை லட்சம் பேருக்குக் கொண்டுபோகிறேன், சிறு கட்டணம் மட்டும் என்று ஒருவர். தவறுதலாக அதிகம் அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள் என்று ஒரு போலி ரசீதோடு இன்னொருவர். நம் கணக்கில் வங்கி காட்டாத வரை அது பணமே இல்லை. பணம் பெறுவதற்கு ரகசிய எண்ணோ ஓடிபியோ யாருக்கும் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. மிளகின் படத்தை எடுத்து வேறு பெயரில் யாரோ வசூல் தொடங்கியதையும் பார்த்தோம். தளத்தில் புகார் கொடுத்து எடுக்க வைத்தோம். அதிலிருந்து படங்களின் நடுவில், முகத்தின் மேலேயே, எழுத்துப் போட்டுத்தான் பகிர்ந்தேன். அசிங்கமாகத்தான் இருந்தது, பரவாயில்லை.

“மனுஷனுக்கே மருந்து வாங்கக் காசில்ல, பூனைக்கா?” இது வராமல் இருக்காது. எரிச்சலாக இருக்கும், எதிர்த்து நாலு பத்தி எழுதக் கை துறுதுறுக்கும். நான் ஒரே பதிலை எழுதிவைத்து எல்லோருக்கும் அதையே போட்டேன்: “உங்கள் கேள்வி நியாயமானது. இது பூனைக்கு என்று தெரிந்து, விரும்பிக் கொடுப்பவர்களிடம் மட்டுமே கேட்கிறேன்.” அதற்கு மேல் பேசவில்லை. வாதம் நீண்டால், பணம் கொடுக்க வந்தவரும் வேடிக்கை பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

அதைவிட ஆபத்தானவை அன்போடு வரும் யோசனைகள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கால் மாத்திரை கொடுங்கள், செலவு மிச்சம் என்று ஒருவர் எழுதினார். பூனையின் கல்லீரலுக்கு அதை உடைக்கும் திறன் மிகக் குறைவு. சிறு துண்டே ரத்தச் சிவப்பணுக்களைக் கெடுத்து உயிரைப் பறிக்கும். அந்தக் கருத்தை மட்டும் நீக்காமல், கீழே பெரிதாக வேண்டாம் என்று எழுதிவைத்தேன். படிக்கும் வேறு யாருக்காவது பயன்படட்டும்.

இனி எல்லோரும் தவிர்க்கும் பேச்சு. பக்கம் திறப்பதற்கு முன்பே, எப்போது நிறுத்துவது என்று டாக்டரோடு உட்கார்ந்து முடிவு செய்துகொண்டேன். அடுத்தவர் பணம் கலந்த பிறகு அந்த முடிவு கஷ்டமாகிவிடும். விட்டுவிடாதீர்கள், இவ்வளவு பேர் பிரார்த்திக்கிறோம் என்பார்கள். நமக்குள்ளும் ஒரு கடன்பட்ட மனசு இருக்கும்: இவ்வளவு வாங்கிவிட்டு எப்படிப் போதும் என்பது? அந்த மனசுக்காக ஒரு பிராணி வலியோடு கூடுதலாக ஒரு நாள் கிடக்கக் கூடாது. ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் 2004-இல் ஒரு அளவுகோல் கொடுத்தார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் 10-க்கு மதிப்பெண். மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் தொடரலாம் என்பது கணக்கு. நானும் தங்கையும் தனித்தனியாகப் போட்டு ஒப்பிடுவோம். நான் எப்போதும் கூடுதலாகவே போடுவேன், அவள்தான் தராசு. மதிப்பெண் தொடர்ந்து கீழே இருந்தால் டாக்டர் சொல்கிறபடி அமைதியாக விடை கொடுப்போம், மீதிப் பணம் அதே மருத்துவமனையில் வேறொரு பிராணியின் பில்லுக்குப் போகும் என்று பக்கத்தில் எழுதினோம். அதை எழுதினால் யாரும் கொடுக்க மாட்டார்கள் என்று ஒரு நண்பர் பயமுறுத்தினார். அந்த வரிகளைப் படித்துவிட்டுத்தான் கொடுத்தேன் என்று எழுதியவர்கள் உண்டு.

தகவல் போடும்போது உணர்ச்சியைவிட எண்கள் உதவின. எடை, காய்ச்சல், எவ்வளவு சாப்பிட்டான், கையிருப்பு எவ்வளவு. மருந்து தொடங்கிய சில நாளிலேயே காய்ச்சல் இறங்கியது. எடை ஏறும் கோட்டைப் பார்க்கவே சிலர் வந்தார்கள். ரத்தத்தில் மஞ்சள் காமாலையைக் காட்டும் அளவு ஏறிய வாரத்தில் அதையும் போட்டேன். கணக்கு ஒரு சாதாரணத் தாள்தான்: தேதி, வரவு, செலவு, மீதி, ரசீதின் படம். கொடுத்தவர் பெயரை அவர் சம்மதம் இல்லாமல் போடவில்லை. தொகையையும் பெயரையும் சேர்த்துப் போட்டால் குறைவாகக் கொடுத்தவர் கூசுவார்.

பணம் தர முடியாதவர்களிடம் வேறு கேட்கலாம். போகவர வண்டி, கூண்டு இரவல், வேலைக்குப் போகும் நேரத்தில் மருந்து கொடுக்க ஒரு கை. ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால் தானம் கொடுக்க ஒரு பூனை வேண்டுமே; பூனைகளுக்கும் ஏ, பி, ஏபி என்று வகைகள் உண்டு, மாற்றி ஏற்றினால் ஆபத்து. நாங்கள் ஆரோக்கியமான பெரிய பூனை வைத்திருப்பவர்கள் பட்டியல் ஒன்றை முன்கூட்டியே சேர்த்து டாக்டரிடம் கொடுத்திருந்தோம். மிளகுக்குத் தேவைப்படவில்லை. அந்தப் பட்டியல் இப்போதும் மருத்துவமனையில் இருக்கிறது.

84 நாள் முடிந்து, கண்காணிப்புக் காலமும் முடிந்து, கடைசி ரத்தப் பரிசோதனை சரியாக வந்த பிறகு பக்கத்தில் முழுக் கணக்கைப் போட்டேன். கடன் கொடுத்தவர்களுக்குச் சொன்ன மாதத்தில் திருப்பினேன். மருத்துவமனைக் கணக்கில் மிஞ்சியதை, சிறுநீர் அடைத்துக் கிடந்த ஒரு ஆண் பூனையின் பில்லுக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்து, அந்தக் கடிதத்தையும் போட்டேன். புதிதாகப் பணம் வருவதை அன்றே நிறுத்தினேன், ஆனால் ரசீதுகள் பார்க்கக் கிடைக்கட்டும் என்று பக்கத்தை அழிக்கவில்லை. அதற்குப் பிறகும் ஒரு பெரியவர் போன் பண்ணி, “உன் பூனைக்குத்தான்மா குடுப்பேன்” என்று அடம்பிடித்தார். மிளகுக்கு இனி தேவையில்லை ஐயா என்று சொல்லி, அந்த ஆண் பூனையின் நோயாளி எண்ணைக் கொடுத்தேன்.